நீங்கள் கார்த்திகையில் வருகிறீர்கள், வாத்து மாசியில் மாட்டுகிறது

ஏரி மாவட்டங்களில் பணிபுரியும் வன அலுவலர்களுக்கு,

வணக்கம். நான் பாலாற்றுக்குத் தெற்கே, ஏரித் தண்ணீரை நம்பி சம்பா நெல்லும் நவரை நெல்லும் வைக்கிற குடும்பத்தைச் சேர்ந்தவன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் உங்களுக்கு முன்னால் வேறு யாராவது வலையோடு வந்துவிடுவார்கள். எந்த மாவட்ட அலுவலருக்கு எழுதுகிறேன் என்றும் சொல்லவில்லை. செங்கல்பட்டு ஏரியானாலும் ராமநாதபுரத்துக் கண்மாயானாலும் விஷயம் ஒன்றுதான்.

வாத்து பிடிக்கிறவன் மழையைப் பார்த்துக் கிளம்புகிறான். உங்கள் ரோந்து, நான் பார்த்தவரை, காலண்டரைப் பார்த்துக் கிளம்புகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பி வழிந்து கோடி போகும்போது ஜீப் வருகிறது, "பறவைகளை வேட்டையாடுவது குற்றம்" என்று தட்டி கட்டுகிறீர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நோட்டீஸ் கொடுக்கிறீர்கள். எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் அந்த நேரத்தில் எங்கள் ஏரியில் வாத்து அதிகம் இருப்பதில்லை.

கோடி போகிற ஏரியில் வாத்துக்கு வேலை இல்லை. நம் ஊருக்கு வருகிற வலசை வாத்துகளில் முக்கால்வாசி மூழ்கி இரை எடுப்பவை அல்ல. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, ஆண்டி வாத்து, நாமத்தலை வாத்து எல்லாமே தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை வானத்துக்குத் தூக்கி, கழுத்து எட்டுகிற ஆழம் வரைதான் மேயும். ஒரு சாண் தண்ணீர், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். பத்தடித் தண்ணீர் நிற்கிற ஏரி அவற்றுக்குப் பகலில் படுத்துக்கொள்ள ஒரு மெத்தை, அவ்வளவுதான். சாப்பாடு வேறு இடத்தில். முக்குளிப்பானும் நீர்க்காகமும்தான் அங்கே சந்தோஷமாக இருக்கும்.

தை பிறந்து, நவரைக்கு மதகைத் திறந்து, தண்ணீர் அடிக்கு அடி கீழே இறங்கும்போது பாருங்கள். ஏரியின் உள்வாய்ப் பக்கம், கருவேல மரங்களுக்கு நடுவே, நேற்று வரை முழங்கால் தண்ணீராக இருந்த இடம் இன்றைக்குக் கணுக்கால் தண்ணீராகும். மூன்று மாதம் ஊறிய புல்விதை, கோரைக்கிழங்கு, நத்தை, புழு எல்லாம் எட்டுகிற ஆழத்துக்கு வந்துவிடும். அப்போது இறங்கும் கூட்டத்தைப் பார்த்தால் ஏரியில் யாரோ கரும்பாய் விரித்த மாதிரி இருக்கும். தண்ணீர் இறங்க இறங்க அந்தப் பாய் சுருங்கும், ஆனால் அடர்த்தியாகும். மாசி நடுவில், மடுவில், அதாவது ஏரியின் ஆழமான பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும்போது, முழு ஏரியில் பரவிக் கிடந்த வாத்து அத்தனையும் இரண்டு ஏக்கரில் இருக்கும். வலை கட்டுகிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது பெரியப்பா. அவரிடம் பயிர்க்காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக் குழல் துப்பாக்கி இருந்தது. கரிமருந்தை வாய் வழியாகப் போட்டு, தேங்காய் நார் திணித்து, கம்பியால் இடித்துச் சுடுகிற ரகம். கடலைக்காட்டுப் பன்றியைச் சுட வாங்கியதாகச் சொல்வார். பன்றி விழுந்து நான் பார்த்ததில்லை. வாத்து நிறைய விழுந்திருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும், சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போவது என் வேலை. அந்தக் கறியை நானும் சாப்பிட்டிருக்கிறேன். கொழுப்பு மஞ்சளாக மேலே மிதக்கும், மிளகு தூக்கலாக இருக்கும். யோக்கியன் மாதிரி இந்தக் கடிதத்தை எழுத எனக்கு அருகதை இல்லை என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

பெரியப்பா வானிலை அறிக்கை கேட்டதில்லை. தெருவில் நின்று புகையிலையை அதக்கிக்கொண்டு வடக்கே பார்ப்பார். "வாடை திரும்பிடுச்சு, இன்னும் எட்டு நாள்" என்பார். மழை விட்ட இரண்டாம் நாள் போக மாட்டார். "எல்லா வயலும் தண்ணி, எங்கேன்னு தேடறது?" மழை பொய்த்த வருடம்தான் அவர் முகத்தில் தெளிவு இருக்கும். ஊரே தலையில் கை வைத்திருக்கும்போது அவர் கரிமருந்து காயப் போடுவார். மழை இல்லாத வருடம் விவசாயிக்கு நஷ்டம், வேட்டைக்காரனுக்கு அறுவடை. இந்தக் கணக்கு உங்கள் ரோந்துப் பட்டியலில் இல்லை என்பதற்காகத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

அவர் சொன்ன கணக்கில் பாதிதான் நம் ஊர் வானிலை. மீதிப் பாதி ஐந்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நடக்கிறது. நீலச்சிறகி குஞ்சு பொரிப்பது ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை நீளும் புல்வெளிச் சதுப்புகளில். கோடையில் சிறகு உதிர்த்து, மூன்று நான்கு வாரம் பறக்கவே முடியாமல் நாணலுக்குள் ஒளிந்து கிடந்து, புது இறகு முளைத்ததும் கிளம்பிவிடும். அங்கே தண்ணீர் உறையும்வரை காத்திருப்பதில்லை. பகல் குறுகுவதே அதற்குப் போதுமான தாக்கீது. ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வட இந்தியாவில் தலை காட்டிவிடும். வேறு சில வாத்துகள் அப்படியல்ல. தண்ணீர் உறைந்து, பனி மூடி, இரை கிடைக்காமல் போனால்தான் நகரும். குளிர் தாமதமானால் அவையும் தாமதம்.

இந்த இரண்டாம் ரகத்தை வைத்துத்தான் அமெரிக்காவில் ஒரு பெரிய வேட்டைப் பருவமே ஓடுகிறது. ஆர்கன்சா மாநிலத்தில் நெல் விளைகிற தாழ்வான நிலங்களில் பச்சைத்தலை வாத்துக்காகக் காத்திருப்பவர்கள் தினமும் வடக்கே பனிக்கோடு எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். டகோட்டாவிலும் அயோவாவிலும் ஏரி உறைந்ததா, சோளக்கொல்லையைப் பனி மூடியதா? மூடினால் மறுநாள் இரவே வடகாற்றைப் பிடித்துக்கொண்டு வாத்து தெற்கே இறங்கும். குளிர்காலம் வெதுவெதுப்பாகப் போனால் வாத்து வடக்கிலேயே தங்கிவிடும், தெற்கில் காத்திருந்தவன் வானத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவான். அங்கே வேட்டை சட்டப்படி நடக்கிறது. 1955 முதல் வருடா வருடம் மே மாதத்தில் விமானத்தில் போய் எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் எத்தனை நாள் சுடலாம், தலைக்கு எத்தனை என்று முடிவாகிறது. 1934 முதல் தபால்தலை மாதிரியான 'வாத்து முத்திரை' வாங்காமல் சுட முடியாது, அந்தப் பணம் சதுப்பு நிலம் வாங்கப் போகிறது. நம் ஊரிலும் அப்படித் திறந்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. வேட்டையை அனுமதிக்கிறவர்களே வானிலையை அவ்வளவு நுணுக்கமாகப் பின்தொடரும்போது, தடை செய்கிற நாம் இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டாமா என்றுதான் கேட்கிறேன்.

அங்கே பனிக்கோடு என்றால் இங்கே தண்ணீர்க்கோடு. தமிழ்நாட்டுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை சராசரியாக 44 சென்டிமீட்டர் மழை கிடைக்க வேண்டும். 2016இல் 17 சென்டிமீட்டர்கூட எட்டவில்லை. 62 சதவீதம் குறைவு. டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் மரங்களைச் சாய்த்ததே தவிர, எங்கள் ஏரியை நிரப்பவில்லை. அந்த வருடம் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் என்று சொல்லிக்கொள்ள மூன்று நான்கு மடுதான் இருந்தது. வலசை வந்ததும், உள்ளூர்ப் புள்ளிமூக்கு வாத்தும், சீழ்க்கை வாத்தும் எல்லாம் அதில்தான். பொங்கலுக்கு முன்பே வலை ஏறிவிட்டது. நேர் மாறாக 2021. அந்த மூன்று மாதத்தில் 71 சென்டிமீட்டர் கொட்டியது. குட்டை, பள்ளம், செங்கல் சூளைக்குழி வரை தண்ணீர். வாத்து சிதறிவிட்டது, பிடிக்கிறவர்கள் தை முழுக்க வெறுங்கையோடு திரும்பினார்கள். ஆனால் அதோடு முடியவில்லை. தண்ணீர் பங்குனி வரை நின்றதால் வாத்தும் பங்குனி வரை நின்றது, வேட்டையும் பங்குனி வரை நடந்தது. காலண்டரைப் பார்த்து மாசியோடு கடையைக் கட்டினால் அந்த வருடத்தைப் பிடித்திருக்க முடியாது.

காவிரி டெல்டா பக்கம் கணக்கு இன்னும் சுற்றி வளைத்தது. பறவைகள் சரணாலயமான கரைவெட்டி ஏரிக்குப் புள்ளம்பாடி வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. இன்னொரு சரணாலயமான வடுவூருக்கும் மேட்டூர்த் தண்ணீர்தான். குடகில் ஆடி மாதம் பெய்யும் மழைதான் மார்கழியில் கரைவெட்டிக்கு வரித்தலை வாத்து எத்தனை நாள் தங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. மங்கோலியாவிலும் திபெத்திலும் பொரித்து, 7 ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி இமயத்தைத் தாண்டி வருகிற வாத்து, கடைசியில் ஒரு மதகுக்காரர் பலகையை எத்தனை அங்குலம் தூக்கினார் என்பதற்குக் கட்டுப்பட்டது. யோசித்தால் சிரிப்பு வருகிறது.

சட்டத்துக்கு வருகிறேன். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் தொடக்கத்தில் சில உயிரினங்களை லைசென்ஸ் வாங்கிச் சுட வழி இருந்தது. 1991 திருத்தத்தோடு அந்தக் கதவு மூடியது. அதற்கும் முன்னால் நடந்ததைப் பேசினால் பெரியப்பா எல்லாம் தூசு. 1938இல் ராஜஸ்தானத்துப் பரத்பூரில் வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டது. அதைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

இன்றைய நிலவரம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் எங்கள் ஊர்க்காரர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். சுடுவது மட்டும் வேட்டை இல்லை. வலை கட்டுவது, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, அதற்கு முயற்சி செய்வது, எல்லாமே சட்டத்தின் கண்ணில் வேட்டை. 2022 திருத்தத்துக்குப் பிறகு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே காரியத்தைச் சரணாலயத்துக்குள் செய்தால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை, 25 ஆயிரத்துக்குக் குறையாத அபராதம்.

இதில்தான் எனக்கு ஒரு சங்கடம். வாத்துக்குச் சரணாலயம் என்பது பகல் தூக்கத்துக்கான இடம். வேடந்தாங்கல் முப்பது ஹெக்டேர். கரிக்கிலி அதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே பகலில் படுத்துக் கிடக்கிற நீலச்சிறகி, பொழுது சாய்ந்து முகம் தெரியாத இருட்டு வந்ததும் எழுந்து பக்கத்துக் கழனிகளுக்கும் சின்ன ஏரிகளுக்கும் மேயப் போகும். விடியும் முன் திரும்பும். ஆக, மாலை ஆறரை மணிக்குக் கரையைத் தாண்டியதும் அந்த வாத்தின் மேல் இருந்த சட்டத்தின் கனம் குறைந்துவிடுகிறது. காவலும் குறைந்துவிடுகிறது. மாநிலத்தில் ஏரி, குளம், கண்மாய் என்று சுமார் 39 ஆயிரம் இருக்கின்றன. பறவைகள் சரணாலயம் என்று பெயர் பெற்றவை இருபதைச் சுற்றித்தான். 39 ஆயிரத்துக்கும் காவல் போட முடியாது, அது எனக்கும் தெரியும். போட வேண்டியதும் இல்லை. ஒரு குறிப்பிட்ட வாரத்தில், ஒரு வட்டத்தில், வாத்துக்கு ஏற்ற ஆழத்தில் தண்ணீர் நிற்கிற ஏரி ஐந்தோ ஆறோதான் இருக்கும்.

போன தை மாதம் நடந்ததைச் சொல்கிறேன். அமாவாசை கழிந்து நாலாம் நாள். தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள், அன்றைக்கு என் காதைத் துளைத்தது. நட்ட கழனிக்குத் தண்ணீர் பாய்கிறதா என்று பார்க்க ஐந்து மணிக்கு இரண்டாம் மதகுப் பக்கம் போனேன். பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஏரிக்குள் ஏதோ படபடவென்று தண்ணீரை அடிக்கிற சத்தம். பாம்பு எதையோ பிடித்திருக்கிறது என்று நினைத்து டார்ச்சை அடித்தேன். இரண்டு கருவேல மரத்துக்கு நடுவே அந்தரத்தில் வரிசை வரிசையாகப் பனித்துளி தொங்கியது. துளி கோத்திருந்ததால்தான் அங்கே வலை இருப்பதே தெரிந்தது. மற்றபடி அந்த நரம்பு வலை நட்டநடுப் பகலிலேயே கண்ணுக்குத் தெரியாது.

நாலு நீலச்சிறகி. ஒன்று செத்து விறைத்திருந்தது. மற்ற மூன்றும் தலைகீழாகத் தொங்கின. இறங்கிப் போய்க் கதிர் அரிவாளால் நரம்பை ஒவ்வொன்றாக அறுத்தேன். கைக்கு வந்தால் நானூறு கிராம் இருக்குமா, சந்தேகம்தான். அவ்வளவு தூரம் பறந்து வந்த உடம்பு உள்ளங்கையில் அடங்குகிறது. மார்புச் சூடு விரலில் ஏறியது, இதயம் தட்டுவது மோட்டார் மாதிரி. பார்க்க மூன்றும் பழுப்புதான். ஒன்றின் சிறகை விரித்தபோது மட்டும் தோள் பக்கம் சாம்பல் கலந்த நீலம் பளிச்சென்றது, அது ஆண். இன்னும் ஒன்றிரண்டு மாதத்தில் அதற்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை முளைக்கும், அந்த அழகோடு ஊர் திரும்பும். அலகின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி வரிசை, அதில் ஒரு நெல் சிக்கியிருந்தது. என் கழனி நெல்லாகக்கூட இருக்கலாம்.

இரண்டு பறந்தன. மூன்றாவதற்கு இறக்கை மூட்டு பிசகியிருந்தது, கோரைக்குள் விட்டேன். பிழைத்திருக்காது.

அப்புறம் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். வலையின் ஓரத்தில் கட்டியிருந்த நீலக்கயிறு யாருடையது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. என் மகனோடு படித்த பையன். நான் யாரிடமும் சொல்லவில்லை. வலையைச் சுருட்டி அவன் வீட்டுத் திண்ணையில் போட்டுவிட்டு வந்தேன். இன்று வரை அவன் என்னைப் பார்த்தால் வேறு தெருவில் போகிறான். சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். சொல்லியிருந்தால் அவன் மட்டும் உள்ளே போயிருப்பான். முதல் நாள் சாயங்காலமே போனில் "ஆறு உருப்படி வேணும்" என்று சொல்லி, காலையில் காரை ரோட்டோரம் நிறுத்தி வாங்கிக்கொண்டு போகிறவன், அடுத்த வாரம் பக்கத்து ஊர்ப் பையனுக்குப் போன் போடுவான். நாட்டுக்கோழியைவிடக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிற அந்த ஆளை விட்டுவிட்டு வலையை மட்டும் பிடித்தால், நரம்பு வலை கடையில் இன்னொன்று கிடைக்கும். வாங்குவதும் வைத்திருப்பதும்கூடக் குற்றம்தானே? சாலையோரத்தில் நிற்கிற காரைச் சோதிக்க ஏரிக்குள் இறங்க வேண்டியதில்லையே.

பழியை நரிக்குறவர் தலையில் போடுவதும் வழக்கமாகிவிட்டது. அவர்களில் வேட்டைக்குப் போகிறவர்கள் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் பக்கம் நான் பார்த்த வலைகள் மோட்டார் சைக்கிளில் வந்தவை. போனில் மழை ராடார் பார்த்து, எந்த ஏரி எத்தனை அடி இறங்கியது என்று வாட்ஸாப்பில் பேசிக்கொள்கிற பையன்களுடையவை. நிலவு இல்லாத இரவுக்கு வலை, நிலவு இருக்கிற இரவுக்குத் துப்பாக்கி. இதில் இன்னொரு கொடுமை, நெல்லில் குருணைப் பூச்சிமருந்தைப் பிசைந்து கரையோரம் தூவுவது. விடியும்போது பத்து இருபது செத்து மிதக்கும், குடலை எடுத்துவிட்டால் போதும் என்று கழுவி விற்கிறான். கார்க்காரர் அதைத்தான் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறார். ஏரிக்கரைத் தட்டியில் சட்டப் பிரிவு எண்ணுக்குப் பதில் இந்த ஒரு வரியை எழுதினால் வியாபாரம் பாதி படுத்துவிடும்.

உங்களிடம் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. மழைக்காலத்தில் மாவட்டத்தில் எத்தனை ஏரி நூறு சதவீதம், எத்தனை ஏரி எழுபத்தைந்து சதவீதம் என்று நீர்வளத் துறையிலிருந்து தினமும் கணக்கு வருகிறது, பேப்பரிலும் போடுகிறார்கள். வெள்ள அபாயம் முடிந்ததும் அந்தக் கணக்கில் யாருக்கும் அக்கறை இருப்பதில்லை. உங்களுக்கு அது தேவைப்படுவதே அதற்குப் பிறகுதான். நூறு சதவீத ஏரி உங்களுக்கு வேண்டாம். கால்வாசிக்குக் கீழே இறங்கிய ஏரிகளின் பட்டியலை வாங்குங்கள், வாரம் ஒருமுறை போதும். மழை நல்ல வருடம் என்றால் அந்தப் பட்டியல் மாசியில்தான் தொடங்கும், பங்குனி வரை போகும். மழை பொய்த்த வருடம் கார்த்திகையிலேயே தொடங்கிவிடும். அதை வைத்து ஜீப்பை அனுப்புங்கள். நேரம், அதிகாலை நாலரையிலிருந்து ஆறரை. பகல் பதினொரு மணிக்கு வந்தால் கொக்கைத்தான் பார்க்கலாம்.

இன்னொன்று மீன் குத்தகை. தண்ணீர் இறங்கியதும் குத்தகைக்காரர் மிச்சத் தண்ணீரையும் வடித்து மீனை வாரப் பார்ப்பார். போட்ட பணத்தை எடுக்க வேண்டும், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மடுவையும் வடித்துவிட்டால் வாத்து அடுத்த மடுவுக்குப் போகும், அங்கே நெரிசல் இரட்டிப்பாகும், வலைக்கு இன்னும் வசதி. ஏரித் தண்ணீர் ஒரு துறை, தரை வருவாய்த் துறை, மீன் குத்தகை வேறொரு கணக்கு, மேலே பறக்கிறது உங்கள் துறை. எங்கள் ஏரி ஒன்றுதான், அதற்கு நாலு எஜமானர்கள். குத்தகைப் பத்திரத்திலேயே மடுவில் இரண்டடித் தண்ணீர் விட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க நாலு பேரும் ஒருநாள் உட்கார்ந்தால் ஆகாதா? ஆடு மாட்டுக்கும் அது குடிதண்ணீர்.

ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொள்ளாமல் இது நடக்காது. 1798இல் வேடந்தாங்கல் ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் எங்கள் ஏரிப் பறவையைச் சுடுகிறார்கள் என்று முறையிட்டு, காவலுக்கு எழுத்து வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது சரணாலயம் என்று ஆனது 1936இல்தான். நடுவில் 138 வருடம் காத்தது ஊர். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் இன்றும் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஒடிசாவில் சிலிகா ஏரிக்கரையில் மங்கலாஜோடி என்று ஓர் ஊர். வாத்துப் பிடித்து விற்பதே பிழைப்பாக இருந்த ஆட்கள், இன்றைக்கு அதே வாத்துக்குக் காவல் இருக்கிறார்கள், வருகிறவர்களைப் படகில் கூட்டிப்போய்க் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். வாத்து எப்போது எங்கே இறங்கும் என்று பிடித்தவனுக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. எங்கள் ஊர் நீலக்கயிற்றுப் பையனைத் தை முதல் பங்குனி வரை தினக்கூலிக் காவலராக வைத்துப் பாருங்கள். ஜனவரியில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கும் கூட்டிப் போங்கள். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்து எண்ணிக்கை சொல்வான், பைனாகுலர் கேட்க மாட்டான்.

இதை எழுதும் இன்றைக்கு எங்கள் ஏரியில் தண்ணீர் மூன்றாம் படிக்குக் கீழே நிற்கிறது. நவரைக்கு இன்னும் இரண்டு தண்ணீர் விட வேண்டும். அதற்குப் பிறகு மடு மட்டும்தான். நேற்றுச் சாயங்காலம் உள்வாய்ப் பக்கம் எண்ணிப் பார்த்தேன், முந்நூறுக்குக் குறையாது, நடுவில் ஊசிவால் வாத்து பத்துப் பன்னிரண்டு. இன்னும் பதினைந்து நாளில் அமாவாசை.

நீங்கள் யார் இதைப் படித்தாலும், உங்கள் பக்கத்திலும் இதே மாதிரி ஓர் ஏரி இப்போது இறங்கிக்கொண்டிருக்கும். வருவதென்றால் நாலரைக்கு வாருங்கள். வண்டியைக் கோயிலுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, கரை மேல் நடந்தே வாருங்கள். ஜீப் சத்தம் கேட்டால் வாத்தும் பறந்துவிடும், வலைக்காரனும் பறந்துவிடுவான்.

இப்படிக்கு,
ஏரிக்கரை விவசாயி ஒருவன்